முந்தைய சிகிச்சை: இல்லை

ஜனவரி 8, 2018, திங்கள்

முப்பது ஆண்டுகளாக வழக்கு நாட்குறிப்பு எழுதி வருகிறேன். எந்த வழக்கு, எந்த நீதிமன்றம், அடுத்த வாய்தா எப்போது என்பதற்கு மேல் அதில் ஒரு சொல்லும் இருந்ததில்லை. வீட்டைப் பற்றித் தனிக் குறிப்பேடு தொடங்குவது இதுவே முதல் முறை. இது மேசையின் பூட்டிய இழுப்பறையில் இருக்கும். முன்னுக்குப்பின் முரணின்றிப் பேச வேண்டுமானால் தேதிகள் கையில் இருக்க வேண்டும்.

மாலையில் பாளையங்கோட்டை நீதிமன்றத்திலிருந்து வீடு திரும்பியதும், பகவதி அறைக்கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். எங்கள் மகள் தாட்சாயணிக்கு மாதவிலக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. அதற்கு முன்பும் ஒழுங்கில்லை.

"இத இப்பம் வந்து சொல்லுத?"

"தானா வந்துரும்னு நெனச்சேன். நாடியில முடி வேற முளைக்குது. வாரம் தவறாம பார்லருக்குப் போயி நூல் போட்டு எடுக்கா. உங்களுக்குத் தெரியுமா அது?"

தெரியாது. அவள் கழுத்தின் பின்புறம் கறுத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அழுக்கு எனக் கருதி, நன்றாகத் தேய்த்துக் குளிக்கும்படி இருமுறை கூறியிருக்கிறேன்.

தாட்சாயணிக்கு வயது இருபத்திரண்டு. முதுகலைப் புள்ளியியல், முதலாண்டு. வேறு யாருக்கெல்லாம் இது தெரியும் என்று பகவதியிடம் கேட்டேன். 

"நம்ம மூணு பேருக்குத்தான்" என்றாள்.

ஜனவரி 20, சனி

நாகர்கோவில். அங்கே எங்களை அறிந்தவர் எவருமில்லை. மருத்துவமனை முகப்பில் பெயர் கேட்டபோது, தாட்சாயணி வாய் திறக்கும் முன் நானே கூறினேன்: ரேவதி, வயது 24. பின்னர் செவிலி "ரேவதி, ரேவதி" என்று மூன்று முறை அழைத்தும் அவள் எழவில்லை. முழங்கையைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

மருத்துவர் கிளாடிஸ், அறுபது வயதிருக்கும். காலையில் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்து, பிற்பகலில் அழைத்தார்.

"பி.சி.ஓ.எஸ்.னு சொல்லுவோம். மூணு விஷயம் பாக்கது. மாசக்குளி ஒழுங்கா வராதது, ஆண் ஹார்மோன் கூடுனது, சூலகத்துல சின்னச் சின்னக் குமிழா தெரியது. ரெண்டு இருந்தாலே போதும். இந்தப் பிள்ளைக்கு மூணும் இருக்கு. தைராய்டு எல்லாம் பாத்தாச்சு, அதுல குழப்பம் இல்ல."

"ஆபத்தா டாக்டர்?"

"பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா விட்டுரக் கூடாது. கர்ப்பப்பைக்குள்ள ஒரு படலம் வளரும், மாசாமாசம் அது உதிரணும். உதிராம சேந்துகிட்டே போனா அதுவே பின்னால புத்துநோய் வரைக்கும் கொண்டுபோய் விட்டுரும். மூணு மாசத்துக்கு ஒருக்காவாவது மருந்து குடுத்து உதிர வைக்கணும். நடக்கணும், எடையக் குறைக்கணும். நா எழுதித் தார அட்டையத் தொலைச்சிராதீங்க, ஒவ்வொரு தடவையும் கொண்டாங்க."

"இதெல்லாம் எழுதித்தான் தரணுமா டாக்டர்?"

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எழுதாம, அடுத்த தடவ நா என்னத்த வச்சு சார் பாக்கது?"

பத்து நாட்களுக்கு மாத்திரை. படலத்தின் தடிமன் 11 மி.மீ. அளவை இங்கே குறித்துக்கொண்டேன். அட்டையும் ஸ்கேன் படமும் வள்ளியூரில் தேநீர் அருந்திய இடத்தில் விடப்பட்டன.

காரில் தாட்சாயணி கேட்டாள்: "ஏம்ப்பா வேற பேரு?"

"காயிதம் என்ன செய்யும்னு ஒனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரியும்."

ஜனவரி 21, ஞாயிறு

கிணற்று மோட்டார் பழுது. நாளை வருவதாகச் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 2, வெள்ளி

வந்துவிட்டது. பகவதி அழுதுவிட்டு உளுந்தங்களி கிண்டினாள். இனிப்பு கூடாது என்று மருத்துவர் சொன்னதை நினைவூட்டினேன்.

"வயசுக்கு வந்த அன்னைக்குக் கூட இம்புட்டுக் களி கெடைக்கலம்மா" என்றாள் மகள். மூவரும் சிரித்தோம். ஜனவரி 8க்குப் பின் இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

பிப்ரவரி 18, ஞாயிறு

என் எச்சரிக்கைக்கான காரணத்தையும் பதிவு செய்வது முறை.

2011இல் ஒரு மனு. மனுதாரர் கணவர், அவருக்காக நான் தோன்றினேன். திருமணத்துக்கு முன்பே இருந்த நோயை மனைவி மறைத்தார் என்பது எங்கள் தரப்பு. நோய் இதேதான். அப்பெண்ணின் தாய்வீட்டு அலமாரியிலிருந்து கணவர் எடுத்து வந்த ஸ்கேன் அறிக்கை, மருத்துவரின் சீட்டு, ஒரு மாத்திரை அட்டை ஆகியவை சான்றாவணங்களாகக் குறியிடப்பட்டன. குறுக்கு விசாரணையில் நாற்பத்தோரு கேள்விகள் கேட்டேன். கடைசியாக மாதவிலக்கான தேதியிலிருந்து தொடங்கினேன். பதினேழாவது கேள்வியில் அவர் தண்ணீர் கேட்டார். ஒத்திவைக்கலாமா என்று நீதிபதி வினவினார். தொடரலாம் என்றேன்.

அடுத்த வாய்தாவில் அப்பெண் பரஸ்பர விவாகரத்துக்கு இசைந்து கையெழுத்திட்டார். தொழில்முறையில் அதில் குறையேதுமில்லை. நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் ஆவணம் இருந்தது. தாட்சாயணி பெயரில் ஆவணம் இருக்காது.

மார்ச் 11, ஞாயிறு

வ.உ.சி. மைதானத்தில் நாள்தோறும் காலை நாற்பது நிமிடம் நடை, அவளும் நானும். எடை 74இலிருந்து 72.5.

"அப்பா, வேகமா நடங்க. எனக்கு நோய்னா நீங்க மூச்சு வாங்குதீங்க."

ஏப்ரல் 28, சனி

பிப்ரவரிக்குப் பின் வரவில்லை. மதுரை. ஒரே மருத்துவரிடம் இருமுறை சென்றால் அங்கே ஒரு கோப்பு உருவாகிவிடும். இம்முறை பெயர் சித்ரா. படலம் 14 மி.மீ.

முன்பு எங்கேனும் காட்டியதுண்டா என்று அந்த மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். எனவே எல்லாம் முதலிலிருந்து: அதே இரத்தம், அதே ஸ்கேன், அதே விளக்கம். ஆறு மாதங்களுக்குத் தொடர்ந்து உட்கொள்ளுமாறு, இருபத்தோரு மாத்திரைகள் கொண்ட அட்டை எழுதித் தந்தார். மருந்துக்கடையில் வாங்கியபோதுதான் அவை கருத்தடை மாத்திரைகள் என்று தெரிந்தது.

"இதுக்கும் இதான் மருந்து சார், தப்பா நெனைக்காதீங்க" என்றார் கடைக்காரர். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

திரும்பும் வழியில், விருதுநகர் தாண்டியதும் மகள் கேட்டாள்: "அடுத்த ஊருக்கு என்னப்பா பேரு? நானே ஒண்ணு வச்சுக்கிடட்டுமா?"



மே 6, ஞாயிறு

வீரவநல்லூரிலிருந்து ஒரு வரன். ஓசூரில் பொறியாளர், நல்ல குடும்பம். பகவதியின் அண்ணி உலகம்மை மூலம் வந்தது.

மே 13, ஞாயிறு

உலகம்மை வந்திருந்தார். தண்ணீர் எடுப்பதாகக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, மூடாமல் நின்று பேசினார். தாட்சாயணியின் அறையில் சீப்பு தேடினார்.

"புள்ள கொஞ்சம் மெலிஞ்சிருக்கா என்ன? நாடி என்ன பச்சையா இருக்கு? மஞ்சள் தேச்சுக் குளிக்கச் சொல்லு பகவதி. மாப்பிள்ள வீட்டுல அக்காக்காரி ஒருத்தி இருக்கா, நாலு கண்ணு அவளுக்கு."

மாத்திரை அட்டை, சீப்பு இருந்த அதே மேசையின் மேல், ஒரு புத்தகத்துக்குள் இருந்தது.

இரவு உணவுக்கு முன் அது அப்புறப்படுத்தப்பட்டது. மருந்து தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. மதுரை மருத்துவர் தொலைபேசியில் அவ்வாறு கூறியதாகத் தாட்சாயணிக்கும் பகவதிக்கும் தெரிவிக்கப்பட்டது.

மே 17, வியாழன்

வந்துவிட்டது. மாத்திரையின்றியே வந்தது என்பதைக் குறிப்பிட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 24, ஞாயிறு

எடை 70. முருங்கையில் கம்பளிப்பூச்சி. ஆள் வைத்துக் கிளைகள் வெட்டப்பட்டன. மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் பொருந்துவதாகச் சொல்லியனுப்பினர்.

ஜூலை 22, ஞாயிறு

ஜூனிலும் இல்லை, ஜூலையிலும் இல்லை. மைதானத்தில் இரண்டாம் சுற்றில் கேட்டாள்.

"டாக்டர்ட்டப் போக வேண்டாமாப்பா? மூணு மாசம்னாங்கல்லா?"

"எடை குறையுதுல்லா. அதுவே மருந்து."

"அந்தக் கிளாடிஸ் டாக்டர்ட்டப் போவோம்ப்பா. அவங்க நல்லாப் பேசுனாங்க."

மாப்பிள்ளை வீட்டாரின் முடிவு தெரியட்டும் என்றேன். தலையசைத்தாள். அவள் என் சொல்லை மறுப்பதில்லை.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

அடுத்த ஞாயிறு அவர்கள் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அக்கா தனியாக அழைத்துச் சென்று கேட்கக்கூடும் என்பதால், தாட்சாயணியை எதிரே அமர்த்தி ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்தேன்.

"மாசம் ஒழுங்கா வருதான்னு கேட்டா?"

"ஆமான்னு பொய் சொல்லணுமா?"

"பொய் வேண்டாம். 'எனக்கு எந்தத் தொந்தரவும் இல்ல' அப்படின்னு சொல்லு. இன்னைக்கு ஒனக்கு வலி, காச்சல் ஒண்ணும் இல்லல்லா? அது உண்மைதான."

"அப்பம் நா பொய் சொல்லல. உண்மைக்கு வாய்தா வாங்குதேன். சரியாப்பா?"

பகவதி அடுக்களையிலிருந்து வந்து, "போதும், பிள்ளைய விடுங்க" என்றாள். ஆறு முறை சொல்ல வைத்தேன். ஆறாவது முறை அவள் குரலில் தயக்கம் எதுவும் இல்லை.

செப்டம்பர் 2, ஞாயிறு

அவர்களுக்குப் பிடித்துவிட்டது. நவம்பரில் நிச்சயம்.

செப்டம்பர் 24, திங்கள்

நான்கு மாதங்களுக்குப் பின் இன்று வந்தது. பகவதி நெல்லையப்பர் கோயிலுக்குச் சென்று வந்தாள்.

அக்டோபர் 3, புதன்

நிற்கவில்லை. பத்தாம் நாள்.

அக்டோபர் 9, செவ்வாய்

பதினாறாம் நாள். பகவதி உள்ளூரிலேயே காட்டலாம் என்கிறாள். சனிக்கிழமை நாகர்கோவில் செல்லலாம் என்றேன். தாட்சாயணி கல்லூரிக்குச் செல்கிறாள். படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை என்று அவளாகவே என்னிடம் கூறினாள்.

அக்டோபர் 13, சனி

தாமிரபரணி புஷ்கரம். சாலைகள் எங்கும் நீராட வந்த கூட்டம். வண்டியை எடுக்க இயலாது எனக் கருதி, பயணம் ஒத்திவைக்கப்பட்டது.

என் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் மூன்று மகளிர் மருத்துவமனைகள் உள்ளன. இதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 15, திங்கள்

முற்பகல் 11.20க்கு, கல்லூரி மாடிப்படியில் தாட்சாயணி மயங்கி விழுந்தாள். உடன் படிக்கும் பெண்கள் ஆட்டோவில் ஏற்றி அருகிலிருந்த மருத்துவமனையில் சேர்த்தனர். அவர்கள் அவளுடைய உண்மைப் பெயரைக் கொடுத்திருந்தனர். நான் கறுப்பு அங்கியோடு போய்ச் சேர்ந்தபோது, கட்டிலின் தலைமாட்டில் அது எழுதித் தொங்கியது.

ஹீமோகுளோபின் 4.8. மூன்று யூனிட் இரத்தம் ஏற்ற வேண்டும். மருத்துவர் நூருல் ஹிதாயா, மேலப்பாளையத்துக்காரர், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். வரலாற்றுப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து கேட்டார்.

"முன்னாடி இதுக்கு ஏதும் காட்டியிருக்கியாம்மா? மாத்திர ஏதும் சாப்ட்டியா?"

தாட்சாயணியின் உதடுகள் வெளுத்திருந்தன. கண்ணைத் திறந்து முதலில் என்னைப் பார்த்தாள்.

"எனக்கு எந்தத் தொந்தரவும் இல்ல டாக்டர்."

ஒத்திகையில் சொன்ன அதே சொற்கள், அதே குரல். முந்தைய சிகிச்சை என்ற இடத்தில் மருத்துவர் 'இல்லை' என்று எழுதினார். நான் கட்டிலருகில் நின்றேன்.

அக்டோபர் 16, செவ்வாய்

ஸ்கேனில் படலம் 24 மி.மீ. மருத்துவர் என்னையும் பகவதியையும் அழைத்துப் பேசினார்.

"முதல் தடவைன்னு சொல்லுறதால மருந்து குடுத்து நிப்பாட்டிருதேன். வியாழக்கெழம வீட்டுக்குப் போலாம், மூணு மாசம் கழிச்சுப் பாத்துக்கிடலாம். ஆனா இந்தத் தடிமன் எனக்கு ஒப்பல. பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்து, இது ரொம்ப நாளா சேந்துக்கிட்டு வருதுன்னு தெரிஞ்சா, இப்பமே சதையெடுத்துச் சோதிச்சிருவேன். ஒண்ணும் இல்லல்லா சார்?"

பகவதி என் முகத்தைப் பார்த்தாள்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல் மருத்துவர் பார்த்தார்.

அக்டோபர் 17, புதன்

பகவதி பிளாஸ்கைக் கழுவிக்கொண்டே சொன்னாள். அவள் குரல் உயரவில்லை.

"நாளைக்கு எட்டு மணிக்கு அந்த டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வருவாங்க. நீங்க சொல்லலேன்னா நா சொல்லுவேன். எனக்குத் தேதி ஒண்ணும் ஞாபகம் இல்ல. தப்பும் தவறுமாச் சொல்லுவேன். பரவால்லியா?"

இக்குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளில் தேதிகளை மட்டும் எடுத்தெழுதினேன். ஊர், கொடுத்த பெயர், மருந்து, தடிமன். மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டிலும் மே 13ஐ விட்டிருந்தேன்.

அக்டோபர் 18, வியாழன்

ஆயுதபூஜை. நீதிமன்றம் விடுமுறை.

எட்டே காலுக்கு மருத்துவர் வந்தார். தாளைக் கொடுத்தேன். நின்றபடி வாசிக்கத் தொடங்கியவர் நாற்காலியை இழுத்து அமர்ந்தார்.

"ரேவதி யாரு?"

"இவள்தான்."

"சித்ரா?"

"இவளேதான்."

தாட்சாயணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் விரலால் வரி வரியாக இறங்கி வந்தார்.

"மே பதிமூணு, மாத்திரை நிறுத்தம். பாதி அட்டையிலயா? மே பதினேழு வந்தது மாத்திரைய நிறுத்துனதால வந்த உதிரம் சார், தானா வந்தது இல்ல. அந்த மாத்திர மட்டும் ஓடியிருந்தா இந்தப் படலம் இவ்வளவுக்கு வந்திருக்காது. எந்த டாக்டர் நிறுத்தச் சொன்னாங்க?"

"மதுரை டாக்டர்" என்று தாட்சாயணி எனக்கு முன்னால் பதில் சொன்னாள். "போன்ல சொன்னாங்களாம். அப்பாட்டச் சொன்னாங்க."

நான் அரை நிமிடம் எடுத்துக்கொண்டேன். முப்பது ஆண்டுகளில் எத்தனையோ சாட்சிகள் அந்த அரை நிமிடத்தில் நிற்பதை எதிரே நின்று பார்த்திருக்கிறேன்.

"எந்த மருத்துவரும் சொல்லவில்லை. நான்தான் நிறுத்தினேன்."

மருத்துவர் எழுதினார். 

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள் தாட்சாயணி. என்னிடம் அல்ல, தாயைப் பார்த்து.

"சத்தியமாத் தெரியாதுட்டி" என்றாள் பகவதி.

"அப்பம் அஞ்சு மாசமா மைதானத்துல என்கூடச் சுத்தி வந்தது எதுக்குப்பா?"

மருத்துவர் எழுந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டார். "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. இனி நா அவகிட்டயே கேட்டுக்கிடுதேன்."

அக்டோபர் 20, சனி

மயக்கம் கொடுத்துச் சதை எடுத்தனர். சம்மதப் படிவத்தை நான் வாங்கிப் படிக்க முற்பட்டேன். "எனக்கு இருவத்திரெண்டு வயசு" என்று கூறி, படிவத்தை வாங்கி அவளே கையெழுத்திட்டாள். தாட்சாயணி சங்கரநயினார், முழுப்பெயர்.

அக்டோபர் 29, திங்கள்

அறிக்கை வந்தது. புற்றுநோய் அல்ல. அதற்கு முந்தைய படி. செல்கள் இயல்பு மாறத் தொடங்கியிருக்கின்றன. மருத்துவர் கூறியதை அப்படியே எழுதுகிறேன்.

"இந்த வயசுல கர்ப்பப்பையக் காப்பாத்தத்தான் பாப்போம். உள்ளேயே மருந்து சுரக்கிற மாதிரி ஒண்ணு வைக்கேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா சதையெடுத்துப் பாக்கணும். திரும்பி வந்துட்டா நல்லது. வரலேன்னா எடுக்கத்தான் வேணும். ஜனவரியிலயே வந்த பிள்ள. இந்த எடத்துக்கு வந்திருக்க வேண்டியதே இல்ல."

கடைசி வாக்கியத்தை மருத்துவர் என்னைப் பார்த்துக் கூறவில்லை. கோப்பைப் பார்த்துக் கூறினார்.

நவம்பர் 4, ஞாயிறு

தாட்சாயணி உலகம்மையின் எண்ணைத் தன் கைபேசியிலிருந்து அழைத்தாள். கூடத்தில், நாங்கள் இருவரும் இருக்கும்போதே.

"அத்தை, நிச்சயத்த நிப்பாட்டச் சொல்லிருங்க. எனக்கு பி.சி.ஓ.எஸ். இருக்கு. இப்பம் அதுக்கு மேலயும் இருக்கு. ஆமா, அவங்ககிட்ட இதையே சொல்லுங்க. இல்ல அத்தை, கண்ணு படல. மருந்து சாப்புடல."

ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்தது. அதன்பின் அவள் துணி மடித்தாள்.

நவம்பர் 5, திங்கள்

காலையில் மைதானத்துக்குச் செல்லக் காலணி அணிந்து வாசலில் காத்திருந்தேன். அவள் ஆறு மணிக்கே தாயுடன் போய்விட்டிருந்தாள்.

நவம்பர் 12, திங்கள்

கருவி பொருத்தும் நாள். ஆட்டோ கிடைக்காததால் என் காரில் வந்தார்கள். நீல நிறக் கோப்பு ஒன்றை அவள் மடியில் வைத்திருந்தாள். இரத்தம், ஸ்கேன், சதை அறிக்கை, நான் எழுதிக் கொடுத்த தாள் எல்லாம் அதில் தேதி வரிசையில் உள்ளன என்று பகவதி சொல்கிறாள். நான் பார்த்ததில்லை.

மருத்துவமனை வாசலில் நானும் இறங்கினேன்.

"நீங்க வண்டியிலயே இருங்கப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அந்நியரிடம் பேசுவது போன்ற மரியாதை அதில் இருந்தது.

ஐம்பது நிமிடங்கள் காத்திருந்தேன். வயிற்றில் கைவைத்தபடி மெல்ல நடந்து வந்து பின்னிருக்கையில் ஏறினாள். மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"டாக்டர்ட்டப் பேசுனது டாக்டருக்கும் எனக்கும்."

வீடு வந்து சேர்ந்தோம். பிறகு அடுக்களையில் பகவதி தாழ்ந்த குரலில் சொன்னாள்: அடுத்த சதைப் பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டார்கள், அதில் சரியாகவில்லையென்றால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

எந்தத் தேதி என்று கேட்டேன்.

"அப்பாட்டச் சொல்லாதீங்கன்னு சொல்லிருக்கா" என்றாள்.